கொசுறாகப் போன கம்பி

அவரிடம் மணி கேட்கக் கூடாது. கேட்டால் மணி மட்டும் வராது. "பத்தே கால்" என்று தொடங்கி, அன்றைக்கு ராகுகாலம் எப்போது, திதி எப்போது மாறுகிறது, பத்தே காலுக்குச் சித்தூர் புறப்படும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்பது வரை வந்துதான் நிற்கும். நான் வேலையில் சேர்ந்த ஆவணி மாதத்துப் புதன்கிழமை, அவரிடம் முதன்முதலாகப் பேசியதே மணி கேட்டுத்தான். நாளையும் கிழமையையும் குறித்துவைப்பதில் பைத்தியம் உள்ள எனக்கு அது புதையல் அகப்பட்ட மாதிரி. அன்றைய டைரியில் புது வேலையைப் பற்றி ஒரு வரியும், அவர் சொன்ன நேர விவரங்கள் ஒரு பக்கமும் இருக்கின்றன.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தேடிக்கொண்டு வந்து, இது போதாது என்று இன்னும் நாலு சம்பவம் சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம்.

திருப்பதிக்கு வெளியே, தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறை எங்களுடையது. இந்தியாவின் கதவுகள் திறந்துவிட்டன என்று செய்தித்தாள்கள் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் பட்டறைக் கதவு வழியாக அப்போதும் பித்தளை மணியும் குத்துவிளக்கும் ஹோட்டல் குழாயும் மோட்டார் சைக்கிள் மட்கார்டும்தான் உள்ளே வந்துகொண்டிருந்தன. நிக்கல் தொட்டிகள் இரண்டு, குரோமியத் தொட்டி ஒன்று. பொருளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் உலோகம் படியும். எத்தனை நேரம் தொங்குகிறதோ அத்தனை கனம்.

குரோமியத் தொட்டி மேஸ்திரியுடையது. செந்நிறத்தில் புகைந்துகொண்டிருக்கும் அந்த அமிலத்தின் அருகே வேறு யாரையும் அண்டவிட மாட்டார். சத்தியவேட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அவருடைய நைனா காலம் வரை அந்தக் குடும்பத்தில் எவரும் சொந்த நிலத்தில் கால் வைத்ததில்லை.

"எங்க வூட்ல மொதமொதல்ல 'இது என்னுது'ன்னு சொன்னவன் நான்தான் ரைட்டரே" என்று ஒருமுறை சொன்னார். "நெலத்த இல்ல. தொட்டிய."

வரும் சரக்கு, போகும் சரக்கு, தேதி, எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதனால் நான் ரைட்டர்.

கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு கேட்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே சொல் என்பதால், சந்தையில் யாருக்கும் மொழிச் சிக்கலே வராத விஷயம் அது ஒன்றுதான். மேஸ்திரி கொசுறு கேட்க மாட்டார். கொடுப்பார். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கி, பையில் போட்டு, அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கடைக்காரம்மாவின் கூடையிலேயே திரும்ப வைப்பார். "இது ஒனக்குக் கொசுறு." அந்தம்மா முதல் தடவை அந்தக் காயில் புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து அவர் தலை தெரிந்தாலே பக்கத்துக் கடைக்காரிகள் அவரைத் தங்கள் பக்கம் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று நாங்கள் நாலு பேர் ரத்தம் கொடுக்கப் போனோம். மூன்று பேர் முடித்து, பிஸ்கட் தின்றுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே நர்ஸோடு வாதம் நடந்துகொண்டிருந்தது.

"பையில இன்னும் எடம் இருக்குதே சிஸ்டர்."

"அது இருக்க வேண்டிய எடம்ணா. சாலு, போதும், எழுந்திருங்க."

"இன்னும் கொஞ்சம் புடிங்க. அந்தம்மாக்கு ரெண்டு சொட்டு கூடப் போவட்டுமே."

"கூடப் புடிச்சா உங்களப் படுக்க வச்சி நான் வேற பை ஏத்தணும். அதுக்கு ஆள் கூட்டினு வந்திருக்கீங்களா?"

கட்டு ஒட்டிய கையோடு வெளியே வந்தவர், தனக்குக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை என்னிடம் நீட்டினார்.

இந்தக் குணம் தொட்டிக்குள்ளும் இறங்கியதுதான் விஷயம். எந்தப் பொருளுக்கு எத்தனை நிமிடம் என்று சுவரில் அட்டை தொங்கும். நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். மணி அடித்தால் பொருளைத் தூக்க வேண்டும். மேஸ்திரி தூக்க மாட்டார். கண்ணை மூடி, நிதானமாக, ஏழு தடவை "கோவிந்தா" சொல்லிவிட்டுத்தான் தூக்குவார். மலைக்கு ஒன்று. அட்டையில் உள்ள நேரம் வியாபாரம். ஏழு கோவிந்தா மரியாதை. எங்கள் பட்டறை முலாம் பத்து வருடம் ஆனாலும் உரியாது என்று சித்தூர் வரை பேர் இருந்ததற்கு அந்தக் கோவிந்தாக்கள்தான் காரணம்.

எப்போதும் நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு லாரி உரிமையாளர் தன் கிடங்கின் பெரிய பூட்டையும் சாவியையும் கொண்டுவந்தார். கிடங்குத் திறப்பு விழாவுக்குப் பளபளவென்று இருக்க வேண்டுமாம். விழா என்றதும் மேஸ்திரியின் கோவிந்தா நீண்டுவிட்டது. பூட்டும் சாவியும் கண்ணாடி மாதிரி வந்தன. சாவி பூட்டுக்குள் போகவில்லை. பூச்சு ஏறிக் கனத்துவிட்டது. லாரிக்காரர் மறுநாள் காலையில் வந்து கத்திக்கொண்டிருக்க, மேஸ்திரி பூட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாவியே உள்ள போவலன்னா, திருடன் எப்டிங்க போவான்?"

அந்தச் சாவி இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொஞ்சம்கூட மங்கவில்லை.

மேஸ்திரியைத் தட்டிக்கேட்கும் ஒரே ஆள் எஸ்தர். பட்டறையின் கெமிஸ்ட். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். சனிக்கிழமை மாலை பஸ் ஏறினால் ஞாயிறு ஆராதனை முடித்துத் திங்கள் காலை வருவார். தினமும் தொட்டியிலிருந்து கொஞ்சம் அமிலம் எடுத்து, எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. எப்போதும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தீர்ந்திருக்கும்.

"மேஸ்திரி, நீங்க ஒரு வாரம் தொண்ட கட்டிக்கினு படுத்தா போதும். நமக்கு ஒரு மாசத்துக்கு ஆசிட் மிச்சம்."

"நீங்க ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் பாட்டு பாடறீங்க எஸ்தரம்மா. நான் முக்கா நிமிஷம் சாமி பேரு சொன்னா தப்பா?"

"எங்க பாட்டுக்கு ஆசிட் செலவு இல்ல."

"அதான் கேக்கறவங்க தூங்கறாங்க."

இப்படி நடந்துகொண்டிருந்த பட்டறைக்குள்தான் அந்தக் கம்பி வந்தது.

அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் பெங்களூருக்கு, சிலர் குவைத்துக்கு, படித்தவர்கள் இன்னும் தூரத்துக்கு. எங்கள் முதலாளியின் அக்கா மகன் அப்படிக் கடல் தாண்டிப் போய், ராட்சத மின்காந்தங்கள் செய்யும் ஓர் இடத்தில் வேலை பார்த்தார். குழந்தைக்கு முடியிறக்கத் திருமலைக்கு வந்தவர், மாமாவின் பட்டறையையும் எட்டிப் பார்த்தார். மேஸ்திரி பூசிய மணி ஒன்றைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள், ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே கொண்டை ஊசிக் கனத்தில் ஒரு கண்டு செம்புக் கம்பி.

எஸ்தர், கூட வந்த குறிப்பைப் படித்து எங்களுக்கு விளக்கினார். வெளியே தெரிவதுதான் செம்பு. உள்ளே மயிரிழைபோல நூற்றுக்கணக்கான இழைகள். அவற்றைப் பயங்கரமாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். எப்போதாவது அந்த இழைகள் தடுமாறினால், அந்தக் கணத்தில் மின்சாரத்தை வாங்கித் தாங்க வேண்டியது செம்பு. அதனால் செம்பு மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, சுருட்டி, நாள்கணக்கில் உலையில் வைப்பார்கள். அப்போதுதான் உள்ளிழைகள் பக்குவப்படும். உலைச் சூட்டில் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் மேலே குரோமியப் பூச்சு. கனம் இரண்டு மைக்ரான்.

"ரெண்டு மைக்ரான்னா எவ்ளோ?" என்றார் மேஸ்திரி.

"ஒரு தலைமுடிய முப்பது நாப்பது பாகமாப் பொளந்தா, அதுல ஒரு பாகம்."

"முடிக்கு நம்ம ஊர்ல பஞ்சம் இல்ல. பொளக்கறதுக்குத்தான் ஆள் இல்ல." கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துலருந்து அனுப்பியிருக்காங்க. இம்மாத்துண்டு பூசி அனுப்பினா நம்மள இன்னா நெனப்பாங்க?"

இந்தக் கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன், ஆனால் அதற்கு அர்த்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

சோதனைக்கு ஆறு துண்டு பூசி அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் மாதாமாதம் கம்பி வரும். முதலாளி இருபது வருடமாக மட்கார்டு பார்த்துச் சலித்தவர். காந்தம் என்ற சொல்லே அவரை நிமிர்ந்து நடக்கவைத்தது. எஸ்தர் ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு அட்டையில் எழுதினார். அன்று வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போக லீவு சொல்லிவிட்டு மதியமே கிளம்பிவிட்டார்.

மேஸ்திரி குளித்துவிட்டு வந்து, முதல் துண்டைத் தொங்கவிட்டார். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏழோடு நிறுத்தவில்லை. உள்ளூர் மட்கார்டுக்கு ஏழு என்றால், கடல் தாண்டிப் போகும் சரக்குக்கு ஏழேழு. நாற்பத்தொன்பது கோவிந்தா. நான் எண்ணினேன், எதையும் எண்ணுவது என் குணம். எழுதியும் வைத்தேன்; அது என் வேலை. பதிவேட்டில் குறிப்பு என்ற இடத்தில், ஆறு துண்டுகளுக்கும் எதிரே, 'மணிக்குப் பின் 49 கோவிந்தா' என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. நாற்பத்தொன்பதும் முடிய இன்னொரு ஐந்து நிமிடம் ஆனது.

ஐப்பசி முடிந்து கார்த்திகையில் ஃபாக்ஸ் வந்தது. பூச்சு மிக அழகு, ஆனால் உலையில் வைத்து எடுத்த பிறகு செம்பின் சுத்தம் போய்விட்டது. வர வேண்டிய அளவில் பாதிகூட வரவில்லை.

எஸ்தர் என் பதிவேட்டைக் கேட்டார். புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ரைட்டர், இது இன்னா?"

"கோவிந்தா."

"நாப்பத்தொம்போதா?"

என் வாழ்க்கையில் என் துல்லியத்தைப் பற்றி நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவே இல்லை. "பூச்சு வெளியதான இருக்குது? உள்ள இருக்கற செம்ப அது இன்னா பண்ணும்?"

"மாங்காய் மேல உப்பத் தடவி வெயில்ல வச்சா உப்பு வெளியவேவா இருக்குது?" என்றார் எஸ்தர். "உலையில அத்தினி நாளு காயும்போது குரோமியம் செம்புக்குள்ள எறங்குது. கொஞ்சமா இருந்தா கொஞ்சமா எறங்கும். நீங்க ரெண்டு பங்கு வச்சி அனுப்பியிருக்கீங்க."

"நானும் பட்டறையில எத்தினியோ செம்புக் கம்பி பாத்துட்டேன். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கரண்ட் போவுதே."

"இங்க போவும். இந்தச் சூட்டுல நல்ல செம்பும் கெட்ட செம்பும் ஒன்னு மாதிரிதான் தெரியும். பிரம்மோற்சவக் கூட்டத்துல நடுத்தெருவுல ஒரு மாடு படுத்துக்கினு இருந்தா யாருக்காவது தெரியுமா? மாடு இல்லன்னாலும் எல்லாரும் இடிச்சிக்கினுதான் போறாங்க. தெரு காலியா இருக்கறப்பதான் மாடு கண்ணுக்குப் படும். அந்தக் குளிர்லதான் செம்போட தெரு காலியாவுது. அங்க ஒரு மாடு இருந்தாலும் கரண்ட் முட்டிக்கினு நிக்கும்."

மேஸ்திரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நான் எத்தினி மாடு வுட்டிருக்கேன்?" என்றார்.

"மந்தையே."

முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் கோபப்படும்போது தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

"ஏமய்யா மேஸ்திரி, இது மட்கார்டா? இன்னொரு ஆறு துண்டு கேட்டிருக்கான் நம்ம பையன். இதான் கடைசி. இதுவும் கெட்டா, மெட்ராஸ்லருந்து ஒருத்தர் வராரு. தானா நேரம் பாத்துத் தானா தூக்கற மிஷின் வச்சிக் குடுப்பாரு. நீ பாலிஷ் பக்கம் போயிடு."

பாலிஷ் என்றால் பட்டறையின் பின்பக்கம், துணிச் சக்கரத்தில் பித்தளையைத் தேய்க்கும் இடம். மேஸ்திரி தோள் துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், ஒரு லெட்டர் அடி. முதல் ஆறு கெட்டதுக்குக் காரணம் நம்ம பூச்சு இல்ல, அவங்க அனுப்பின செம்பே கெட்டதுன்னு எழுது. மரியாதையா எழுது."

எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரே, சரே, நீ உன் ஆசிட்டப் பாரும்மா" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எஸ்தர் எங்களிடம் முணுமுணுத்தார். "பூசாத துண்டு ஒன்ன அதே உலையில வச்சிப் பாத்தா போதும். செம்பு மேல தப்பா, நம்ம மேல தப்பான்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும். ஆனா அந்தக் கண்டுல மிச்சம் அங்க இல்லியாம். எல்லாம் நம்மகிட்டதான் இருக்குது. ஓனர் அனுப்புவாரா?"

மேஸ்திரி அருகில்தான் நின்றார். கேட்டாரா என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாவது ஆறு துண்டுகளைப் பூசிய நாள் கார்த்திகைக் கடைசித் திங்கட்கிழமை. எஸ்தர் கையில் ஸ்டாப் வாட்சோடு தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் பதிவேட்டோடு. மணி அடித்தது. மேஸ்திரியின் உதடு பிரிந்தது. எஸ்தர் ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி தோள் துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, கம்பியைத் தூக்கிவிட்டார். ஆறு துண்டுக்கும் அப்படித்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"சோத்தப் போட்டு, ரசம் ஊத்தாம எலைய எடுக்கறா மாதிரி இருக்குது எஸ்தரம்மா."

"அவங்க ரசம் கேக்கல."

"கேட்டா அது கொசுறா?"

அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டறை வாசலில் நின்ற நாய்க்கு இரண்டு பிடி சோறு கூடப் போட்டதைப் பார்த்தேன். எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே.

பெட்டி கட்டியது வியாழக்கிழமை. ஒவ்வொரு துண்டையும் வளையமாகச் சுருட்டி, வெண்ணெய்த்தாளில் சுற்றி மேஸ்திரி அடுக்கிவைத்திருந்தார். பட்டியலில் ஆறு என்று அடித்தாகிவிட்டது. ஆணி அடிக்கும் முன் எண்ணினேன். ஏழு.

"ஆறுதான மேஸ்திரி?"

"ஏழுமலையான் ஊர்லருந்து ஆறு போவலாமா ரைட்டரே?"

ஏழாவது பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பாக, வெறும் செம்பாக, பிறந்தபடியே இருந்தது கம்பி. கண்டில் கடைசியாக மிஞ்சிய துண்டு.

"இதுல பூச்சே இல்லியே."

"பூச்சுல கொசுறு கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் பூசாதத வச்சேன்."

அவர் கேட்டிருக்கிறார். எஸ்தர் முணுமுணுத்ததை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்.

"மேஸ்திரி, இதே பெட்டியிலதான் ஓனர் லெட்டரும் போவுது. இத அவங்க உலையில வச்சாங்கன்னா, செம்பு நல்லாத்தான் இருந்துச்சு, கெடுத்தது நீங்கதான்னு தெரிஞ்சிடும். தொட்டி போயிடும்."

அவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி, தாளை மறுபடி சுற்றினார். மற்ற ஆறைவிடக் கொஞ்சம் கூடவே தாள் சுற்றினார்.

"அந்தக் கம்பி இன்னா தப்பு பண்ணுச்சு? அவ்ளோ தூரம் நல்லாத்தான் வந்துச்சு. நான் கெடுத்துட்டு, அது பேர்ல எழுதி அனுப்பறோம்." பொட்டலத்தை மற்றவற்றோடு வைத்தார். "இது வெறும் கம்பின்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டுங்க. அவங்க கொழம்பிக்கப் போறாங்க."

எழுதி ஒட்டினேன். பட்டியலை மாற்றவில்லை. மாற்றினால் முதலாளி கையெழுத்துப் போடும்போது பார்த்துவிடுவார். எண்ணிக்கை தெரிந்தும் நான் பொய்யாக அனுப்பிய முதல் பட்டியல் அது. அன்றைய டைரியில் வானிலை மட்டும்தான் இருக்கிறது.

பதில் வரும் முன்பே மெட்ராஸ்காரர் இடம் பார்க்க வந்தார். முதலாளி இரண்டு பக்கமும் ஆயத்தமாக இருப்பவர். வந்தவர் டேப்பை இழுத்துத் தொட்டியை அளந்துகொண்டிருந்தார். மேஸ்திரி அவருக்கு டீ வாங்கிவந்தார். ஒரு டீக்கு இரண்டு பன். பிறகு, தொட்டியின் எந்த மூலையில் சூடு கம்மி, எந்தக் கம்பத்தில் கரண்ட் சரியாகப் பிடிக்காது, மழைநாளில் புகைபோக்கியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்காததை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"அளவு எடுக்கத்தான சார் வந்தேன்" என்றார் அவர், பன்னை மென்றுகொண்டே.

"இருக்கட்டும் சார். பின்னால ஒதவும்."

எஸ்தருக்குக் கோபமான கோபம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்தவர், "இந்த மனுஷன் தனக்குக் குழி வெட்டறவனுக்கு மண்வெட்டிக்குக் காம்பும் போட்டுக் குடுப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு ஃபாக்ஸ் மிஷின் இரைந்தது. முதலாளி கண்ணாடி கொண்டுவரவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். மேஸ்திரியும் எஸ்தரும் கதவருகே நின்றார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன்.

ஒன்று முதல் ஆறு வரை: பூச்சு சரியான கனம். செம்பின் சுத்தம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறோம்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். எஸ்தர் பெருமூச்சு விட்டார். மேஸ்திரி அசையவில்லை. அவருக்குத் தெரியும், இன்னும் இருக்கிறது.

ஏழு: பட்டியலில் இல்லாத, பூசாத துண்டு. அதையும் கூடவே உலையில் வைத்தோம். எல்லாவற்றையும்விட மிகச் சுத்தம் இதுதான். ஆகவே நாங்கள் அனுப்பிய செம்பில் குறை இல்லை. முதல் தடவை கெட்டது கூடுதல் பூச்சினால்தான்.

"ஏழா?" என்றார் முதலாளி. "லிஸ்ட்ல ஆறுதான?"

என்னைப் பார்த்தார். நான் ஃபாக்ஸ் தாளைப் பார்த்தேன். கதவருகிலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க வச்சேன். ரைட்டருக்கு ஒன்னும் தெரியாது."

அதுவும் கொசுறுதான். எனக்குக் கொடுத்தது.

முதலாளி எழுந்து நின்றார். "ஏமய்யா, நான் ஒரு பக்கம் லெட்டர் எழுதி வைக்கறேன், நீ அதே பெட்டியில அதுக்கு எதிர்சாட்சி வைக்கறியா? உன்ன..."

"சார்," என்றேன், "இன்னும் நாலு வரி இருக்குது."

படித்தேன். உங்கள் கடிதத்தைவிட உங்கள் ஏழாவது துண்டு எங்களுக்கு அதிகம் சொன்னது. தன் தவறைத் தானே காட்டும் பட்டறை எங்களுக்கு வேண்டும். இனி ஒவ்வொரு தடவையும் பூசாத துண்டு ஒன்றைத் தவறாமல் சேர்த்து அனுப்பவும். பூசியவரே தொடர்ந்து பூசட்டும்.

முதலாளி நின்றபடியே இருந்தார். அக்கா மகன் எதிரே இருந்திருந்தால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று யோசித்தார் போலும். பிறகு, இல்லாத கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார்.

"மெட்ராஸ்காரருக்கு ஃபோன் பண்ணி, இப்போ வேணான்னு சொல்லு" என்றார் என்னிடம். "சரே. இனிமே லிஸ்ட்ல ஏழுன்னே அடி. ஆறு பூசினது, ஒன்னு பூசாதது."

எஸ்தர் சிரித்துக்கொண்டே மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "தொட்டி உங்களுதுதான் மேஸ்திரி. போங்க, ஆசிட் ஆறிப்போவுது."

மேஸ்திரி முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்து, பாதியில் நின்றது. ஏதோ தொலைந்துவிட்டதுபோலத் தலையைச் சொறிந்தார்.

"ஏழுன்னு லிஸ்ட்லயே ஏறிப்போச்சா?"

"ஆமா. சந்தோஷம்தான?"

"லிஸ்ட்ல ஏறிப்போச்சுன்னா அது சரக்கு. அப்பறம் கொசுறு எங்க இருக்குது?"

கேட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார். மணி அடித்ததும் தூக்கினார். தோள் துண்டை வாயில் கவ்வ வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்த பெட்டியையும் மாசியில் ஒரு வியாழக்கிழமைதான் கட்டினோம். வெண்ணெய்த்தாள் பொட்டலங்களை மேஸ்திரியே அடுக்கி, மூடியையும் தானே வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பெட்டி கொஞ்சம் நிறைந்தாற்போல் இருந்தது.

"எண்ணிப் பாக்கறீங்களா ரைட்டரே?"

ஆணியை எடுத்துக் கொடுத்தேன். பட்டியலில் ஏழு என்று எழுதி, தேதி போட்டேன். எண்ணவில்லை.